இருபத்தைந்து சுற்றும் ஒரு லாபமும்

1986 அக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.10க்கு எழும்பினேன். 6.20 பல் விளக்கி முகம் கழுவினேன். 6.35 தேநீர், சீனி ஒரு கரண்டி. 6.50க்குச் சுவர்க் கடிகாரத்தையும் கைக்கடிகாரத்தையும் வானொலி நேரத்தோடு ஒப்பிட்டேன். சுவர்க் கடிகாரம் இருபது விநாடி பிந்தியிருந்தது. திருத்தினேன். வெளியே வெப்பம் ஏழு பாகை. மழை இல்லை, ஆனால் வரும்போல. 7.15 சப்பாத்துத் துடைத்தேன்.

இதில் எதையும் ஞாபகத்தில் இருந்து எழுதவில்லை. டயரியில் இருக்கிறது. (சப்பாத்துத் துடைத்ததை எல்லாம் ஒரு மனிதர் டயரியில் எழுதுவாரா என்று என் மனைவி பரமேஸ் இன்றும் கேட்பாள். எழுதுவார். எழுதியிருக்கிறேன்.) அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில், மாலை நேரக் குறிப்பில், என் கையெழுத்து பூச்சி ஊர்ந்ததுபோல் இருக்கிறது. எந்த வேலையையும் மற்றவர்களைவிட ஒரு படி துல்லியமாகச் செய்பவன் நான் என்று முப்பத்தாறு வயது வரை நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை அன்று பிற்பகல் 2.47க்கு முடிவுக்கு வந்தது. அதைத்தான் இங்கே ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

டென்மார்க்குக்கு வந்து அப்போது இரண்டு வருடமும் நான்கு மாதமும். இக்காஸ்ட் என்ற ஊரில் ஒரு துணித் தொழிற்சாலையின் சாய அறையில் வேலை. சாயப் பீப்பாவைத் தூக்குவது, ஊற்றுவது, கிண்டுவது. திங்கட்கிழமை என் கை நீலமாக இருந்தால் வெள்ளிக்கிழமை பச்சையாக இருக்கும். யாழ்ப்பாணத்தில், ஊரிலே நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் பன்னிரண்டு வருடம் அரிசி அளந்தவன். கொத்து என்ற அளவைப் பாத்திரத்தால் அள்ளி, வழித்து, எண்ணிப் பையில் போட்டால் ஒரு மணி கூடாது, குறையாது. அப்படிப்பட்டவன் பச்சைக் கையோடு பீப்பா உருட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் தொழிற்சாலையின் ஸ்டோரில் ஓர் இடம் காலியாகப் போவதாகச் செய்தி வந்தது. மேசை, கதிரை, சன்னல், கோடு போட்ட புத்தகம். நூற்கட்டை எத்தனை வந்தது, எத்தனை போனது என்று எண்ணி எழுதும் வேலை. உலகத்தில் எனக்கென்றே ஒரு வேலை படைக்கப்பட்டிருந்தால் அது அதுதான். ஸ்டோருக்குப் பொறுப்பாளர் விகோ. மெலிந்த மனிதர், அதிகம் கதைக்க மாட்டார், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பென்சில் வைத்திருப்பார். இரண்டு பென்சில் வைத்திருக்கும் மனிதரை எங்கே கண்டாலும் நான் மதிப்பேன்.

இந்த விகோதான் ஊருக்கு வெளியே இருந்த கார்ப் பந்தயக் கழகத்துக்கும் செயலாளர். ஒரு தரிசு நிலத்தில் முட்டை வடிவமாக மண் பாதை போட்டிருந்தார்கள். ஒரு சுற்று நானூறு மீற்றர். கண்ணாடி கழற்றி, கதவை ஒட்டி மூடி, உள்ளே இரும்புக் குழாய் பொருத்திய பழைய கார்கள் அந்த மண்ணில் இருபத்தைந்து முறை சுற்றும். இடிக்கலாம், தள்ளலாம், ஒன்றும் குற்றமில்லை. முதல்முறை பார்க்கப் போனபோது பரமேஸ் கேட்டாள்:

"கதவிருக்க யன்னலாலை ஏறுகினம். சுத்திச் சுத்தி வந்து பேந்து வெளிக்கிட்ட இடத்திலைதானே நிக்கினம். உதுக்கு என்னத்துக்கு இவ்வளவு அவசரம்?"

ஆனால் எங்கள் பக்கத்து வீட்டு க்னூட்டுக்கு அதுதான் வாழ்க்கை. சாய அறையில் என்னோடு பீப்பா உருட்டுபவர், நூற்றுப் பதினெட்டுக் கிலோ, பூனைக்குட்டி மாதிரி மனசு. பருவத்தின் கடைசிப் பந்தயத்தில் மூன்று வருடம் தொடர்ந்து இரண்டாவதாக வந்தவர். இரண்டாவது பரிசு ஒரு ஈயக் குவளை. அப்படி மூன்று குவளை வீட்டில் இருந்தன. ஒன்றில், எங்கள் தொழிற்சாலையிலேயே நூல் சுற்றும் அவர் மனைவி இங்கர் உடுப்புக் கிளிப் போட்டு வைத்திருந்தார், ஒன்றில் பல் தூரிகைகள், ஒன்றில் பூனைக்குத் தண்ணீர். முதல் பரிசுக் கிண்ணத்துக்கென்று க்னூட் வரவேற்பறையில் ஒரு தட்டு அடித்து வைத்திருந்தார். வெறும் தட்டு. அந்த வெறுமையை இங்கர் சனிக்கிழமை தோறும் தூசி தட்டுவார்.

(இனிமேல் டேனிஷ்காரர் எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழில் கதைப்பார்கள். எனக்கு அன்று விளங்கிய அளவில் மொழிபெயர்த்திருக்கிறேன். விளங்காத இடங்களில் அவர்கள் நல்லதையே சொன்னார்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.)

பந்தயத்துக்கு முந்திய கிழமை, திங்கட்கிழமை, சாப்பாட்டு அறையில் விகோ என் மேசைக்கு வந்தார்.

"நாதன், நீர் நல்லா எண்ணுவீராம்."

"ஓம்."

"ஞாயிற்றுக்கிழமை க்னூட்டின்ரை காருக்கு எண்ணும். அடுத்தநாள் ஸ்டோர் விசயம் கதைப்பம்."

அவ்வளவுதான். அவர் போய்விட்டார். நான் தட்டில் மிச்சமிருந்த உருளைக்கிழங்கை எண்ணினேன்.

எண்ணுவது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு காருக்கும் இரண்டு பேர். ஒருவர் காரை விட்டுக் கண்ணை எடுக்காமல், அது முடிவுக்கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் உரத்து எண்ண வேண்டும். மற்றவர் காரைப் பார்க்காமல், காதில் விழும் எண்ணுக்குத் தாளில் ஒரு கீறு போட வேண்டும். இருபத்துநான்கு கீறு விழுந்ததும் கீறு போடுபவர் வெள்ளைப் பலகையைத் தூக்குவார். முன்னால் போகும் காரின் பலகையை மட்டும் கொடிக்காரர் கவனிப்பார். அந்தக் கார் அடுத்த முறை கோட்டைத் தாண்டும்போது கட்டம் போட்ட கொடியை அசைப்பார். பந்தயம் முடிந்தது.

கண் வேலை எனக்கு. கீறு வேலை இங்கருக்கு. அவர் பதினெட்டு வருடமாகக் கணவரின் ஒரு பந்தயத்தையும் கண் திறந்து பார்த்ததில்லை. பயம். குனிந்து தாளைப் பார்க்கும் வேலைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

இங்கேதான் என் துல்லியம் வேலை செய்யத் தொடங்கியது. டேனிஷ் மொழியில் இருபத்தைந்து என்பதை ஐந்தும் இருபதும் என்று பின்பக்கமாகச் சொல்ல வேண்டும். கார் ஓடும் ஓட்டத்தில், நான் ஐந்தைச் சொல்லி இருபதைத் தேடுவதற்குள் அது அடுத்த வளைவில் நிற்கும். ஆகவே தமிழில் எண்ணுவது என்று தீர்மானித்தேன். மூன்று நாள் தேநீர் இடைவேளையில் இங்கருக்கு ஒண்டு, ரெண்டு, மூண்டு படிப்பித்தேன். மனுசி கெட்டிக்காரி. நூற்கட்டைப் பெட்டியின் மூடியில் இருபத்தைந்தையும் டேனிஷ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்துவிட்டார். பதினெட்டைச் சொல்லும்போது மட்டும் தும்முவதுபோல இருக்கும்.

கடைசி நாள் நான் ஒரு விதி சொன்னேன். "நான் ஒரு எண் சொன்னால் ஒரு கீறு. எண் இல்லாமல் வேறை ஏதும் சொன்னால் கணக்கெடுக்கக் கூடாது. தொடங்கேக்கை 'முருகா' எண்டுவன். அது கடவுள்ரை பேர்."

"விளங்குது," என்று சொல்லிப் பெட்டி மூடியின் அடியில் 'முருகா: கடவுள், கீறு இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

அந்த விதியைப் பிற்பாடு பலமுறை ஆராய்ந்து பார்த்தேன். அதில் ஒரு பிழையும் இல்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வியாழன் மாலை க்னூட்டின் கராஜில் நிற்கும்போது அவர் தொட்டிக்குள் பத்து லீற்றர் பெற்றோல் ஊற்றப் போனார்.

"ஏன் பத்து?"

"ஏன் எண்டால்... கான் பத்து லீற்றர் கான்."

இப்படியும் ஒரு காரணமா? சோதனை ஓட்டங்களில் நான் சமையல் சாடியால் அளந்து வைத்திருந்தேன். ஒரு சுற்றுக்குச் சரியாக ஒரு டெசிலீற்றர், அதாவது லீற்றரில் பத்தில் ஒன்று. இருபத்தைந்து சுற்றுக்கு இருபத்தைந்து. தொடக்கத்துக்கு முன் ஒரு சுற்று சும்மா ஓட வேண்டும், அதற்கு ஒன்று. நிறுத்துமிடத்தில் இருந்து கோட்டுக்கு வர அரை, திரும்பிப் போக அரை. மொத்தம் இருபத்தேழு. தொட்டியின் அடியில் இழுபடாமல் கிடப்பதைக்கூடக் கணக்கில் எடுத்திருந்தேன். மிச்சம் ஏழு லீற்றரும் மூன்று டெசிலீற்றரும் வீண் பாரம், ஐந்து கிலோவுக்கு மேல், அதைச் சுமந்துகொண்டுதான் நீர் மூன்று வருடம் இரண்டாவதாக வந்தீர் என்று விளக்கினேன்.

"ஐஞ்சு கிலோ வேணுமெண்டால் இவர் காலமை ரெண்டு இறைச்சி உருண்டையைக் குறைச்சால் சரி," என்றார் இங்கர்.

க்னூட் காரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் மூன்று ஈயக் குவளையும் தெரிந்தன. "சரி நாதன். நீர் எண்ணத் தெரிஞ்ச ஆள்."

இருபத்தேழு டெசிலீற்றரை நானே ஊற்றினேன். மிச்சக் கானை, அவர் ஆசைப்பட்டு இரகசியமாக ஊற்றிவிடக் கூடாதென்று, என் வீட்டு சைக்கிள் கொட்டிலில் கொண்டுபோய்ப் பூட்டி வைத்தேன்.

ஞாயிறு பிற்பகல் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி 1.20. மழை தூறிக்கொண்டிருந்தது. ஐந்நூறு பேர் இருக்கும், எல்லோரும் மழைச்சட்டையும் கோப்பிப் போத்தலுமாக. பரமேஸ் மரக்கறி ரோல்ஸ் பொரித்து ஒரு பிஸ்கட் ரின் நிறையக் கொண்டுவந்திருந்தாள். எங்களோடு சாய அறையில் வேலை செய்யும் சூசை அண்ணையும் வந்தார். மன்னார் ஆள், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வாய்க்குப் பூட்டு இல்லாதவர்.

"தம்பி, உன்ரை கையைப் பொக்கற்றுக்குள்ளை வை," என்றார். "பச்சையாய்க் கிடக்கு. முதலை எண்டு நினைக்கப் போறாங்கள்."

எண்ணுபவர்களுக்கு முடிவுக்கோட்டுக்கு நேரே ஒரு வாங்கு. நானும் இங்கரும் அதில் அமர்ந்தோம். சூசை அண்ணையும் பரமேஸும் எங்களுக்குப் பின்னால், கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். விகோ வந்து எங்கள் தாளைப் பார்த்தார், என் பென்சில்களைப் பார்த்தார். (மூன்று கொண்டுபோயிருந்தேன்.) தலையை ஆட்டினார். ஸ்டோர்ச் சன்னல் என் கண்முன் திறந்தது.

2.36க்குக் கடைசிப் பந்தயம் தொடங்கியது. ஒன்பது கார். க்னூட்டின் மஞ்சள் கார், இலக்கம் முப்பத்துநான்கு, இரண்டாவது வரிசையில். நான் "முருகா" என்றேன். இங்கர் பெட்டி மூடியைப் பார்த்துத் தலையசைத்தார், கீறு போடவில்லை. எல்லாம் விதிப்படி.

ஒன்பது காரும் ஒரே நேரத்தில் முதல் வளைவுக்குள் நுழைந்தன. அதன்பிறகு சேறுதான் தெரிந்தது. ஒரு சிவப்புக் கார் திரும்பி வந்த பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது. சேற்றுக்குள் இருந்து முதலாவதாக வெளியே வந்தது மஞ்சள். முப்பத்துநான்கு. அது என் கண்முன் கோட்டைத் தாண்டியது. நான் வயிற்றில் இருந்து சத்தமாக எண்ணினேன்.

அதற்குப்பிறகு எனக்கு உலகம் இல்லை. மஞ்சள் மட்டும்தான். ரெண்டு. மூண்டு. நாலு. கண்ணில் சேறு தெறித்தது, துடைக்கவில்லை. பின்னால் பரமேஸ், "இஞ்சாருங்கோ, ரோல்ஸ் ஆறுது," என்றாள். அஞ்சு. ஆறு. ஒன்பதாவது சுற்றில் பால் வண்டிக்காரர் போர்கெயின் கறுப்புக் கார், இலக்கம் பன்னிரண்டு, க்னூட்டின் பின்பக்கத்தில் ஒரு இடி இடித்தது. முந்திய மூன்று வருடமும் முதல் பரிசு எடுத்த ஆள் அவர்தான். க்னூட்டின் பின் பம்பர் கழன்று இழுபட்டது. எனக்கு எண் தவறவில்லை. பதினேழு, பதினெட்டு. பக்கத்தில் இங்கரின் பென்சில் கிறீச் கிறீச் என்று ஒவ்வொரு எண்ணுக்கும் பதில் சொன்னது. எவ்வளவு அழகான வேலை என்று நினைத்தேன். இப்படி ஒரு இணை இருந்தால் ஒரு நாட்டின் குடிசன மதிப்பே எடுக்கலாம்.

"இருபத்துநாலு," என்றேன். இந்த இடத்தில் வெள்ளைப் பலகை உயர்ந்திருக்க வேண்டும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. காரை விட்டுக் கண் எடுக்கக் கூடாது என்பது விதி.

"இருபத்தஞ்சு," என்றேன். 2.47. மஞ்சள் கார் முடிவுக்கோட்டை முதலாவதாகத் தாண்டியது. நான் எழும்பிப் பச்சைக் கை இரண்டையும் தூக்கினேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொது இடத்தில் துள்ளினேன் என்றும் டயரியில் இருக்கிறது.

கொடி அசையவில்லை.

என் பக்கத்தில், அமைதியாக, பொறுப்பாக, இங்கர் வெள்ளைப் பலகையைத் தூக்கினார்.

"என்ன செய்யிறீர்?"

"இருபத்துநாலு கீறு. பலகை."

"இருபத்தஞ்சு எண்டு சொன்னனான்!"

"சொன்னனீர். கேட்டது. ஆனால் இஞ்சை இருபத்துநாலுதான் கிடக்கு. எண்ணிப் பாரும்."

எங்களுக்கு ஒரு சுற்றின் நேரம், இருபத்தைந்து விநாடி இருந்தது. அதில் ஐந்து விநாடி அவர் முகத்தைப் பார்ப்பதில் போனது. தாளை வாங்கி எண்ணினேன். ஐந்தைந்தாக நான்கு கட்டு, பிறகு நான்கு. இருபத்துநாலு. கொடிக்காரரைப் பார்த்துக் கத்தினேன். அவர் காதில் பஞ்சு அடைத்து அதற்குமேல் மூடி போட்டிருந்தார். பலகையைக் கண்டு திருப்தியாகக் கட்டை விரலைக் காட்டினார்.

அப்போதுதான் பாதையின் மறுபக்கம் ஒரு சத்தம் நின்றது. ஒன்பது காரின் இரைச்சலுக்குள் ஒன்று குறைந்தால் தெரியாது என்பீர்கள். எனக்குத் தெரிந்தது. மஞ்சள் கார் பின்பக்க நேர்ப் பாதையின் நட்டநடுவில் இரண்டு முறை இருமி, மெதுவாகி, நின்றுவிட்டது. இருபத்தைந்து முடிந்து, திரும்பிப் போக வைத்த அரை டெசிலீற்றரும் முடிந்த இடம். முடிவுக்கோட்டில் இருந்து இருநூறு மீற்றர்.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தக் கணத்தில் க்னூட்டை நினைக்கவில்லை, ஸ்டோரை நினைக்கவில்லை. "பாத்தீரோ," என்று இங்கரிடம் சொன்னேன், "சரியா அரைச் சுத்து. கணக்குப் பிழைக்கேல்லை."

முழு டென்மார்க்கிலும் அந்த நேரத்தில் அதற்காகச் சந்தோசப்பட்ட ஒரே ஆள் நான்தான். இங்கர் அப்போதுதான், பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக, தலையை நிமிர்த்திப் பந்தயத்தைப் பார்த்தார். அவர் கண்டது கணவரின் கார் நிற்பதையும், போர்கெயின் கறுப்புக் கார் அதைத் தாண்டிப் போவதையும், கட்டம் போட்ட கொடி கறுப்புக் காருக்கு அசைவதையும்.

மூன்றாவதாக வந்துகொண்டிருந்த கார் இன்னும் ஒரு முழுச் சுற்றுப் பின்னால். அதனால் க்னூட்டுக்கு இரண்டாவது இடம் கிடைத்தது. நான்காவது முறையாக.

விசாரணை செயலாளரின் மேசையில் நடந்தது. மேசை என்றால் மழைக்கு ஒரு தார்ப்பாய் கட்டி, அதன் கீழ் இரண்டு பீப்பாவின் மேல் ஒரு பலகை. விகோ இருந்தார். ஒரு பக்கம் நானும் இங்கரும், எதிரே சேறும் தலைக்கவசமுமாக க்னூட். அந்தப் பெரிய உடம்பு இருநூறு மீற்றர் நடந்து வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பின்னால் அரைவாசிச் சனம் கோப்பியோடு கூடிவிட்டது.

"போர்கெ இருபத்தாறு சுத்து ஓடியிருக்கு எண்டு அவரின்ரை தாள் சொல்லுது," என்றார் விகோ. "அவருக்கு முன்னாலை ஓடின க்னூட்டுக்கு உங்கடை தாளிலை இருபத்துநாலுதான். ஆரிலை பிழை?"

"அவர் சொன்ன ஒவ்வொரு எண்ணுக்கும் கீறியிருக்கிறன்," என்றார் இங்கர். "ரெண்டிலை இருந்து."

"ரெண்டிலை இருந்தோ?"

"ஒண்டு அவர் சொல்லேல்லை. முருகா எண்டார். பிறகு கார் ஓடி, பிறகு இன்னொரு கடவுள்ரை பேர் சொன்னார். பிறகு ரெண்டு எண்டார். ஒண்டுக்கு நான் காத்துக்கொண்டிருந்தனான், அது வரேல்லை."

"இன்னொரு கடவுளோ?" என்றேன். "நான் வேறை ஒரு கடவுளையும் கூப்பிடேல்லை."

"கூப்பிட்டனீர். உங்களுக்குக் கனக்கக் கடவுள் இருக்கு எண்டு நீர்தான் சொன்னனீர்."

கயிற்றுக்குப் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம். சூசை அண்ணை, கையில் பாதி ரோல்ஸ், கண்ணில் தண்ணீர்.

"லாபம் எண்டவன்," என்றார். "நான் கேட்டனான். முதல் கார் வரேக்கை 'லாபம்' எண்டு கத்தினவன். தம்பி கடை திறந்திட்டான் எண்டு நினைச்சன்."

பரமேஸ் தலையில் கை வைத்தாள்.

வாசகர்களில் அரிசி அளந்தவர்களுக்கு விளங்கியிருக்கும். எங்கள் பக்கத்தில் அளக்கும்போது முதல் கொத்தை ஒண்டு என்று சொல்வதில்லை. லாபம் என்று சொல்லித் தொடங்கி, அடுத்ததை ரெண்டு என்போம். தொடக்கம் நன்றாக இருக்கட்டும் என்று. பன்னிரண்டு வருடம் சங்கக்கடையில் ஒரு நாளைக்கு நூறு முறை நான் அப்படித்தான் தொடங்கினேன். இங்கருக்குப் படிப்பிக்கும்போது ஒண்டு என்றுதான் படிப்பித்தேன், ஏனென்றால் அது பாடம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சேற்றுக்குள் இருந்து முதல் கார் வந்து என் முன்னால் விழுந்தபோது, வாய் என்னைக் கேட்காமல் சங்கக்கடைக்குப் போய்விட்டது.

இதை நான் டேனிஷில் விளக்க வேண்டியிருந்தது. கொத்துக்கு டேனிஷ் சொல் தெரியாது. கையால் அள்ளி, வழித்து, பையில் போட்டுக் காட்டினேன். ஐந்நூறு பேரில் அரைவாசிப் பேருக்கு முன்னால், பச்சைக் கையோடு, இல்லாத அரிசியை அளந்தேன். விகோ பொறுமையாகப் பார்த்தார்.

"அப்ப, முதலாவதுக்கு இலாபம் எண்டு சொல்லுவீர்."

"ஓம்."

"இலாபம் வாறதுக்கு."

"ஓம்."

அவர் திரும்பி, டிராக்டர் கட்டி இழுத்து வந்துகொண்டிருந்த மஞ்சள் காரைப் பார்த்தார். பிறகு பையில் இருந்து இரண்டாவது பென்சிலை எடுத்து ஏதோ எழுதினார். கொடி விழுந்தால் விழுந்ததுதான், முடிவு மாறாது என்றார்.

பரிசளிப்பில் க்னூட் நான்காவது ஈயக் குவளையை வாங்கினார். போர்கெ முதல் பரிசுக் கிண்ணத்தோடு வந்து க்னூட்டின் தோளில் தட்டி, "அடுத்த முறை என்ரை காருக்கு இவரை எண்ண விடாதேயும்," என்றார். க்னூட் நேரே பரமேஸிடம் போய்க் குவளையை அவள் கையில் வைத்தார்.

"உங்கடை மனுசன் சம்பாதிச்சது," என்றார். சிரிக்கவில்லை.

அந்த மனிதர் சிரிக்காமல் இருந்ததை நான் முதல்முறை பார்த்தேன். பரமேஸ் ரோல்ஸ் ரின்னை நீட்டினாள். ஒன்று எடுத்தார், பிறகு இன்னொன்று, பிறகு ரின்னையே வாங்கிக்கொண்டு தன் காருக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வரும் வழி முழுவதும் சூசை அண்ணை பின்சீற்றில் இருந்து தந்திக் கம்பங்களை எண்ணிக்கொண்டு வந்தார். எதில் தொடங்கினார் என்று சொல்லத் தேவையில்லை.

ஸ்டோர் வேலை என்ன ஆனது என்று கேட்பீர்கள். அடுத்தநாள் காலை 9.20க்கு விகோ முடிவு சொன்னார். வேலை இங்கருக்கு. கேட்டதைக் கேட்டபடி, ஒரு கீறு கூடாமல் குறையாமல் எழுதத் தெரிந்த ஆள் என்றார். என்னால் மறுக்க முடியவில்லை. நானே தேர்ந்தாலும் அவரைத்தான் தேர்ந்திருப்பேன்.

இங்கர் பதினொரு வருடம் ஸ்டோரில் இருந்தார். நான் சாயப் பீப்பா எடுக்கப் போகும் ஒவ்வொரு முறையும் முதல் பீப்பாவைத் தள்ளிவிட்டு "லாபம்" என்பார், அடுத்ததற்கு "ரெண்டு". அதைக் கேட்டுக் கேட்டு ஸ்டோருக்குப் புதிதாக வந்தவர்களும் அப்படியே எண்ணத் தொடங்கினார்கள். ஒரு தடவை கோப்பன்ஹேகனில் இருந்து வந்த ஒருவர், அது இந்தப் பக்கத்துத் துணிக்காரரின் பழைய சொல்லா என்று கேட்டாராம். ஓம், மிகப் பழையது என்றாராம் விகோ.

ஈயக் குவளை எங்கள் சமையலறையில் இருக்கிறது. அரைக் கொத்துப் பிடிக்கும். பரமேஸ் அதில்தான் அரிசி அளக்கிறாள். பந்தயத்துக்கு அடுத்த வருடம் பிறந்த எங்கள் மகள் அந்தக் குவளையைப் பார்த்துத்தான் எண்ணப் பழகினாள். அவளுக்கு நான்கு வயதாக இருக்கும்போது பாலர் பாடசாலையில் இருந்து எங்களைக் கூப்பிட்டு, பிள்ளை இருபது வரை டேனிஷில் பிழையில்லாமல் எண்ணுகிறாள், ஆனால் ஒன்றுக்குப் பதில் என்னவோ ஒரு சொல் சொல்லுகிறாள், வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டார்கள். பரமேஸ் என்னைப் பார்த்தாள். நான் மறுபடியும், சிறு கதிரை ஒன்றில் முழங்கால் தாடையில் முட்ட உட்கார்ந்துகொண்டு, இல்லாத அரிசியை அளந்து காட்டினேன். இன்றும் வீட்டில் கேக் வெட்டினால் முதல் துண்டுக்கு எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.

ஆனால் அக்டோபர் 6, திங்கட்கிழமை, காலை 5.05க்கு எழும்பியபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. பல் விளக்கவில்லை. தேநீர் வைக்கவில்லை. கடிகாரங்களை ஒப்பிடவில்லை. முதல் வேலையாகச் சைக்கிள் கொட்டிலைத் திறந்து, பூட்டி வைத்த கானைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

க்னூட் உள்பெனியனோடு வந்து திறந்தார். கையில் எங்கள் ரோல்ஸ் ரின், வெறுமையாக, கழுவித் துடைத்து. இருவரும் ரின்னையும் கானையும் மாற்றிக்கொண்டோம். அவர் கானை ஒருமுறை குலுக்கிப் பார்த்தார்.

"இதிலை எத்தினை சுத்து ஓடலாம்?"

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஏழு லீற்றர் மூன்று டெசிலீற்றர் என்று எனக்குத் தெரியும்.

"எழுபத்துமூண்டு," என்றேன்.

அவர் கானைக் கீழே வைத்தார். பிறகு நூற்றுப் பதினெட்டுக் கிலோவும் குலுங்கத் தொடங்கியது.

"லாபத்தோடையோ," என்று கேட்டார், "லாபம் இல்லாமலோ?"